ஹெலிகாப்டரில் ஏறி ஸ்னோபோர்டு: நண்பர்களோடு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமலேயே நிறையப் பேர் பணம் கட்டிவிடுகிறார்கள். பனிச்சறுக்கு ரிசார்ட்டில் விழுந்து அடிபட்டால் ரோந்து ஆட்கள் சில நிமிடங்களில் வந்துவிடுவார்கள். ஹெலிகாப்டர் இறக்கிவிட்டுப் போகிற மலையில் அப்படி யாரும் கிடையாது. பனிச்சரிவில் ஒருவர் புதைந்துபோனால் அவரை வெளியே எடுக்கப்போவது அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற நண்பர்களும் கைடும்தான். பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரமானால் அது பத்தில் மூன்று பேர் என்கிற அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளியிலிருந்து உதவி கிளம்பி வந்து சேர்வதற்குள் அந்தப் பத்து நிமிடம் போய்விடும். அதனால் எந்த மலை, எந்த நிறுவனம், எந்த போர்டு என்பதெல்லாம் அப்புறம். யாரோடு போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

யாரைச் சேர்த்துக்கொள்வது

நண்பர்கள் எல்லாரும் ஒரே அளவுக்குப் போர்டு ஓட்ட வேண்டும் என்று இல்லை, ஆனால் இடைவெளி பெரிதாக இருக்கக்கூடாது. குழுவில் மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் அன்றைக்கு எல்லாருக்கும் வேகம். ரிசார்ட்டில் கறுப்புக் குறியிட்ட செங்குத்தான பாதையில், பனி எப்படி இருந்தாலும், முன்விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மாறிமாறி நிற்காமல் திரும்பி இறங்க முடிகிறதா? மரங்களுக்கு நடுவே வேகத்தைக் கட்டுக்குள் வைத்துப் போக முடிகிறதா? முழங்கால் ஆழப் பனியில் விழுந்தால் தானாக எழுந்துவிட முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்பவரைக் கூட்டிப்போகலாம். சொல்ல முடியாதவர் இன்னொரு பருவம் பழகிவிட்டு வரட்டும், அதைச் சொல்வதில் தப்பே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று, "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று கூச்சப்படாமல் சொல்லக்கூடிய ஆளாக ஒவ்வொருவரும் இருக்க வேண்டும், அதைக் கேட்டு முகம் சுளிக்காத ஆட்களாக மற்றவர்கள் இருக்க வேண்டும். நாங்கள் நாலு பேர் முதல்முறை போனபோது கிளம்புவதற்கு முன்பே ஒரு பேச்சு பேசி வைத்துக்கொண்டோம். நாலு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் அந்த இறக்கம் வேண்டாம், காரணம் கேட்கக்கூடாது. இரண்டாம் நாள் மதியம் எங்களில் ஒருவர் தொடை நடுங்குகிறது, போதும் என்றார். நல்ல வெயில், நல்ல பனி, இன்னும் இரண்டு இறக்கம் பாக்கி இருந்தது. ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை, அப்படிச் சொன்னதற்காக அவரிடம் இன்றுவரை எனக்கு மரியாதை கூடுதல், ஏனென்றால் அவர் சொன்ன பிறகுதான் என் கால்களும் அதே நிலையில் இருந்ததை நானே கவனித்தேன். களைத்த கால்தான் மரத்தில் போய் மோதும்.

எண்ணிக்கையையும் யோசியுங்கள். ஏஸ்டார் மாதிரிச் சின்ன ஹெலிகாப்டர் ஒரு கைடையும் நாலு பேரையும் ஏற்றும். பெல் 212 மாதிரிப் பெரியது கைடோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றும். நாலு பேராகக் கிளம்பினால் சின்ன ஹெலிகாப்டரில் உங்கள் குழு மட்டுமே தனியாக இருக்கலாம், முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிட மாட்டார்கள். முதல்முறைக்கு இதையே சொல்வேன்.

எங்கே, எப்போது

இந்த விளையாட்டு தொழிலாக உருவானது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில். ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி 1965ல் புகாபூ மலைத்தொடரில் பனிச்சறுக்குக்காரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப்போய் இறக்கியதிலிருந்து தொடங்கிய கதை இது. இன்றைக்கும் புதியவர்களுக்கு அந்தப் பகுதி நல்லது. காரணம், அங்கே மரம் வளர்கிற எல்லையான மரக்கோட்டுக்குக் கீழேயும் நிறைய இறக்கங்கள் உண்டு. மேகம் மூடி எல்லாம் வெள்ளையாகத் தெரிகிற நாளில் மேடு பள்ளம் கண்ணுக்குப் புலப்படாது, அப்போது மரங்கள் இருந்தால்தான் தரை எங்கே என்று தெரியும். அலாஸ்காவின் வால்டீஸ், ஹெய்ன்ஸ் பக்கம் இருப்பவை பெரிய திறந்த முகடுகள், பனியாறுகள். பார்க்கும்போதே மூச்சு நின்றுவிடும், ஆனால் அது இரண்டாவது மூன்றாவது பயணத்துக்கான இடம். வானிலை கெட்டால் பறக்கவே முடியாமல் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

கனடாவில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அலாஸ்காவில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பருவம். நியூசிலாந்தில் ஜூலை முதல் செப்டம்பர். பிரான்ஸில் பொழுதுபோக்குக்காக மலைமேல் ஹெலிகாப்டரில் இறக்கிவிடுவதை 1985லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், அதனால் ஆல்ப்ஸ் என்றால் இத்தாலி அல்லது சுவிட்சர்லாந்து பக்கம்தான் பார்க்க வேண்டும்.

எங்கே போனாலும் ஒன்றிரண்டு நாள் பறக்க முடியாமல் போகும் என்று கணக்குப் போட்டே கிளம்புங்கள். மூன்று நாள் போர்டு ஓட்ட ஆசை என்றால் ஐந்து நாள் ஒதுக்குங்கள். திரும்பும் விமானத்தைக் கடைசி நாள் மாலைக்கே போட்டுவிட்டு, "இன்றைக்கு விட்டால் இல்லை" என்ற நிலைக்கு வந்துவிடாதீர்கள். மோசமான முடிவுகள் பாதி அந்த அவசரத்தில் எடுக்கப்படுபவைதான்.

நிறுவனத்திடம் என்ன கேட்பது

கைடுகள் எந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பான ஐ.எஃப்.எம்.ஜி.ஏ., கனடாவில் அந்நாட்டு மலை வழிகாட்டிகள் சங்கமான ஏ.சி.எம்.ஜி., இந்த இரண்டில் ஒன்றாவது காதில் விழ வேண்டும். அந்த ஊரிலேயே எத்தனை பருவமாக வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள், பனி அந்தக் குளிர்காலம் முழுக்க எப்படி அடுக்கடுக்காக விழுந்தது என்பது அங்கேயே இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு கைடுக்கு எத்தனை பேர், பறக்க முடியாத நாளுக்குப் பணம் திரும்ப வருமா, எத்தனை மீட்டர் இறக்கம் கட்டணத்துக்குள் அடங்கும், அதற்கு மேல் போனால் தனியாக எவ்வளவு, பனிச்சரிவில் பிடியை இழுத்தால் ஊதிப் பெருத்து ஆளை மேலேயே வைத்திருக்க உதவும் ஏர்பேக் பை அவர்களே தருகிறார்களா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்னோபோர்டுக்காரர்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவர்களுடைய மலையில் தட்டையான நீண்ட பகுதிகள் எவ்வளவு? ஸ்கீ போட்டவர் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார், நாம் ஒரு காலைக் கழற்றி இடுப்பளவு பனியில் உழன்றுகொண்டிருப்போம்.

உடல் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பைலட் அந்த எண்ணை வைத்துத்தான் எரிபொருளும் இருக்கையும் கணக்குப் போடுகிறார். காப்பீட்டில் ஹெலிகாப்டர் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இதை விலக்கி வைத்திருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு

உடம்பைத் தயார் செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழமான பனியில் பின்னங்கால் தொடைதான் முதலில் எரியும், அதனால் உட்கார்ந்து எழுவது, படியேறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, இவற்றை வாரத்துக்கு மூன்று நாள் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

பனிச்சரிவுப் பயிற்சிதான் நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது. கனடாவில் ஏ.எஸ்.டி. 1, அமெரிக்காவில் ஏ.ஐ.ஏ.ஆர்.ஈ. என்ற பெயரில் இரண்டு மூன்று நாள் அடிப்படை வகுப்புகள் நடக்கின்றன. முடிந்தால் குழு முழுக்க ஒன்றாகப் போய் உட்காருங்கள். மலைமேல் போய் இறங்கிய பிறகு கைடு சொல்லித் தருவாரே என்று சிலர் நினைக்கிறார்கள். சொல்லித் தருவார், காலையில் அரை மணியோ முக்கால் மணியோ. ஆனால் புதைந்தவர் கைடாகவே இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும்: பீக்கன், புரோப் என்கிற மடக்குக் கம்பி, உலோக மண்வாரி. பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும், தேட வேண்டிய நேரத்தில் பொத்தானை மாற்றினால் புதைந்திருப்பவரின் பீக்கனைக் காதில் ஒலியாகவும் திரையில் தூரமாகவும் காட்டும். எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் எல்லாம் ஒரே அலைவரிசைதான், ஒன்றோடொன்று பேசும். ஜாக்கெட் பையில் போடாதீர்கள், உள்சட்டைக்கு மேல், வெளிச்சட்டைக்கு அடியில் அதன் பட்டையோடு கட்டிக்கொள்ளுங்கள். போன், கேமரா, சூடாக்கும் கையுறை எல்லாம் அனுப்பும்போது 20 சென்டிமீட்டராவது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் அம்புக்குறி தப்புத் தப்பாகக் காட்டும்.

பயிற்சி எப்படிச் செய்வது? ஒருவர் தன் பீக்கனை அனுப்பும் நிலையில் வைத்து ஒரு பைக்குள் போட்டு, மற்றவர்கள் பார்க்காதபோது பனியில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடட்டும். மற்றவர்கள் தேட வேண்டும். தூரத்தில் இருக்கும்போது ஓடலாம். எண் பத்துக்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். மூன்று மீட்டருக்குள் வந்ததும் பீக்கனைப் பனியை உரசும்படி கீழே பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும், அப்புறம் இடமும் வலமும் நகர்த்தி, எண் மிகக் குறைவாக வரும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அங்கே கம்பியைப் பனியின் பரப்புக்கு நேர்க்குத்தாக இறக்க வேண்டும், கிடைக்காவிட்டால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் சுருளாக வெளியே போய்க்கொண்டே குத்த வேண்டும். கம்பி வெறும் பனியில் இறங்கும்போது சரசரவென்று போகும், தரையில் பட்டால் ணங்கென்று நிற்கும், பையின் மேல் பட்டால் லேசாகத் துள்ளிக் கையைத் திருப்பி அனுப்பும். அந்தத் துள்ளலைக் கை ஒருமுறை தெரிந்துகொண்டுவிட்டால் மறக்காது. அதற்காகவே பயிற்சி.

கம்பியைப் பிடுங்காதீர்கள், அங்கேயே நிற்கட்டும். கம்பிக்கு நேர் மேலே நின்று தோண்டாமல், புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கிருந்து உள்ளே குடைந்துகொண்டு போங்கள். ஒரு மீட்டர் ஆழம்தான் என்றாலும் வெட்டித் தள்ள வேண்டிய பனி ஒரு டன்னைத் தாண்டும், சரிந்து நின்ற பனி கல் மாதிரி இறுகியிருக்கும். முன்னால் நிற்பவர் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் துடுப்புப் போடுவது போலப் பின்னுக்குத் தள்ள, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். நாங்கள் முதல்முறை செய்தபோது பையை எடுக்கப் பதினொரு நிமிடம் ஆனது. பையைப் பார்த்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. அன்றைக்கே இன்னும் ஐந்து முறை செய்தோம், கடைசியில் ஐந்து நிமிடத்துக்குள் வந்தது.

போர்டும் உடையும்

போர்டு நீங்கள் வழக்கமாக ஓட்டுவதைவிடக் கொஞ்சம் நீளமாக, மூக்கு அகலமாக மேல்நோக்கி வளைந்ததாக இருக்கட்டும். பூட்ஸைப் போர்டோடு பிடித்துவைக்கிற பைண்டிங்கை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் மூக்கு தானாக மிதக்கும், தொடைக்கு வேலை குறையும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆழமான பனிக்கான பவுடர் போர்டு தருவார்கள், ஆனால் பூட்ஸ் மட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும். போர்டிலிருந்து காலுக்கு ஒரு கயிறு கட்டாயம் வேண்டும். செங்குத்தான இடத்தில் பைண்டிங் மாட்டும்போது போர்டு கை நழுவினால் அது பள்ளத்தாக்குக்குப் போய்விடும், நீங்கள் மலைமேல் போர்டு இல்லாமல் நிற்பீர்கள்.

பருத்தி எதுவும் உடம்பில் வேண்டாம், நனைந்தால் காயாது. காகிள்ஸுக்கு வெயிலுக்கு ஒரு கண்ணாடி, மங்கலான நாளுக்கு ஒரு கண்ணாடி. கையுறை இரண்டு ஜோடி. கழுத்தில் தொங்கவிடுகிற துணி, காற்றில் பறக்கிற பட்டை எதுவும் கூடாது, ஏனென்று அடுத்த பகுதியில் புரியும்.

ஹெலிகாப்டர் பக்கத்தில்

பயணத்தில் நான் அதிகம் பயந்தது பனியை நினைத்து இல்லை, ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கையை நினைத்துத்தான். அந்தப் பயம் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள்.

வால்பக்கச் சின்ன இறக்கை சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. அதனால் ஹெலிகாப்டரின் பின்பக்கம் என்ற ஒன்று உங்களுக்குக் கிடையாது என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். போவதும் வருவதும் முன்பக்கமாக, பைலட்டின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைடு கை காட்டிய பிறகுதான். மலைச்சாய்வில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கமாக ஒருபோதும் போகவோ இறங்கவோ கூடாது, அந்தப் பக்கம் இறக்கைக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற உயரம்கூட இருக்காது. போர்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிற பழக்கத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள், இடுப்புக்குக் கீழே படுக்கை வாட்டத்தில் பிடித்துக் குனிந்து நடக்க வேண்டும். தொப்பி பறந்தால் பறக்கட்டும், துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

இறக்கத்தின் அடியில் திரும்ப ஏற்றிக்கொள்ள ஹெலிகாப்டர் வருவதை ஒருமுறை விவரமாகச் சொல்கிறேன். கைடு ஒரு இடம் காட்டுவார். போர்டுகளை எல்லாம் அவர் கட்டாக அடுக்குவார், நீங்கள் அதன் பக்கத்தில் முட்டி போட்டு, தோளோடு தோள் ஒட்டி, பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குவிந்து உட்கார வேண்டும். காகிள்ஸ் கண்ணில், ஹெல்மெட் பட்டை மாட்டி, ஜிப் எல்லாம் மூடி. முதலில் தூரத்தில் தப் தப் என்று சத்தம். அப்புறம் காற்று. அதோடு பனி ஊசி ஊசியாக முகத்தில் குத்தும், பக்கத்தில் இருப்பவரின் முதுகுகூடத் தெரியாது, தலையைக் குனிந்துகொள்ளுங்கள். சட்டென்று நிமிர்ந்தால் ஹெலிகாப்டரின் கால் உங்களிடமிருந்து இரண்டு மூன்றடி தூரத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் எழுந்து ஓடத் தோன்றும். அசையக் கூடாது. கைடு போய்க் கதவைத் திறந்து, உங்களைப் பார்த்துத் தலையாட்டும் வரை அதே முட்டியில் இருங்கள்.

ஏர்பேக் பை போட்டிருந்தால் ஏறுவதற்கு முன்பு அதன் இழுகைப்பிடியை உள்ளே மடக்கிப் பூட்டிவிட வேண்டும், உள்ளே விரிந்தால் பைலட்டுக்கே ஆபத்து. இறங்கியதும் மறக்காமல் வெளியே எடுத்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரின் பிடியை நீங்கள் பாருங்கள், உங்களுடையதை அவர் பார்க்கட்டும்.

மலையில் இறங்கும்போது

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன, நாம் ஓட்ட ஆசைப்படுவதும் அதே சாய்வுகள்தான். விபத்தில் சிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் விஷயத்தில் அந்தச் சரிவைக் கிளப்பியவர் அவரே அல்லது அவர் குழுவில் ஒருவரே. அதனால் கைடு "ஒருவர் ஒருவராக" என்றால் ஒருவர்தான், முன்னால் போனவர் நின்று கை காட்டிய பிறகு அடுத்தவர். "என் தடத்துக்கு இடப்பக்கமே இருங்கள்" என்றால் வலப்பக்கம் எவ்வளவு அழகான பனி கிடந்தாலும் இடப்பக்கம்தான், வலப்பக்கம் பனியாற்றுப் பிளவோ தொங்குபனியோ இருக்கலாம். காலையில் அன்றைய ஆபத்து அளவை அவரிடம் கேளுங்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்வார்கள். நடுவில் இருக்கிற மூன்றைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம், உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்று என்று சொன்ன நாட்களில்தான் நடக்கிறது.

மரங்களுக்கு நடுவே வேறொரு ஆபத்து. பெரிய ஊசியிலை மரத்தின் கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றி இறுகாத பனியோடு ஒரு குழி இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. இதற்காகவே ஆட்களைத் தலைகீழாக இறக்கிச் செய்து பார்த்த சோதனைகளில் பத்தில் ஒன்பது பேரால் முடியவில்லை. மரப் பகுதியில் இரண்டிரண்டு பேராகப் போங்கள், நாலைந்து திருப்பத்துக்கு ஒருமுறை நின்று ஜோடியைக் கண்ணால் பாருங்கள், குரல் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள், அங்கேயே நின்று விசில் அடியுங்கள், ரேடியோவில் சொல்லுங்கள். மரத்துக்கு மிக அருகே கிடக்கும் பனி எவ்வளவு பஞ்சாகத் தெரிந்தாலும் ஒதுங்கிப் போங்கள்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்வதானால், ரிசார்ட் பழக்கத்தில் எல்லாரும் முதல் இறக்கத்தில் மிக மெதுவாகப் போவார்கள், போர்டு மூழ்கும், மூக்கு மாட்டிக் கவிழ்வார்கள். கொஞ்சம் வேகம் கொடுத்தால்தான் போர்டு மேலே வரும். எடை சற்றே பின்னங்காலில், இரண்டு முட்டியும் மடங்கி, திருப்பங்கள் பெரிதாகவும் வட்டமாகவும். விழுந்தால் போர்டைக் கழற்றாதீர்கள், கழற்றியதும் இடுப்பு வரை இறங்கிவிடுவீர்கள். மல்லாந்து உருண்டு, போர்டை இறக்கத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து, இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி சேர்த்துப் பனியில் அழுத்தி எழுந்திருங்கள். தட்டையான பகுதி வருகிறது என்று கைடு சொன்னால் அவர் போட்ட தடத்திலேயே, நிற்காமல், வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

மாலையில் கடைசி முறை ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் எல்லாருக்கும் பீக்கனை அணைக்கத்தான் கை போகும். பொறுங்கள். குழுவில் எல்லாரும் உள்ளே வந்தார்களா என்று ஒருவர் எண்ணிய பிறகு, ஒன்றாக அணையுங்கள். பேட்டரி அளவைப் பாருங்கள், பாதிக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், தயாரிப்பாளர் சொன்ன வகையைத்தான் போட வேண்டும். கம்பியையும் மண்வாரியையும் பையிலிருந்து எடுத்துத் துடைத்து விரித்துக் காயவையுங்கள், ஈரத்தோடு மடக்கினால் மறுநாள் உறைந்துபோய்ப் பிரியாது. பூட்ஸின் உள்ளுறையை வெளியே இழுத்து வையுங்கள். அப்புறம் நாலு பேரும் உட்கார்ந்து அன்றைக்கு யாருக்கு எங்கே பயம் வந்தது என்று ஒருமுறை பேசிவிடுங்கள், நாளைக்குக் காலையில் கைடிடம் சொல்ல வேண்டியது அதில்தான் இருக்கும்.